போலி நான்தானா?



படித்துப் பட்டம் பெற்று, நல்லதொரு வேலையில் அமர்ந்து, மாதந்தோறும் ஊதியமும் வாங்கும் ஒருவன், "நான் இதற்குத் தகுதியுடையவன் அல்லன், என்றேனும் ஒருநாள் என் சாயம் வெளுத்துவிடும்" என்று உள்ளுக்குள் நடுங்குவதுண்டா? உண்டு. அவ்வாறு நடுங்கியவர்களுள் நானும் ஒருவன். அந்த நடுக்கம் எத்தகையது, எதனால் வருவது, எவ்வாறு நீங்குவது என்பவற்றையே இங்குக் கூற விழைகிறேன்.

சித்தூர் என் ஊர். திருப்பதி நான் பயின்ற ஊர். என் தொழில் பாட வடிவமைப்பு. ஆசிரியர் பாடம் நடத்துகிறார். நூலாசிரியர் நூல் எழுதுகிறார். பாட வடிவமைப்பாளன் செய்வது யாது? கற்பவர் யார், அவர் இன்று எங்கே நிற்கிறார், நாளை அவர் எதைச் செய்ய வல்லவராக வேண்டும் என்று ஆராய்ந்து, இடையிலுள்ள வழியைப் படிப்படியாக அமைப்பவன் அவன். 1962-இல் ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் பாடக் குறிக்கோளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கற்றவன் எதைச் செய்து காட்டுவான், எந்தச் சூழலில், எவ்வளவு செம்மையாக என்னும் மூன்றுக்கும் குறிக்கோள் விடை கூற வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றும் எங்கள் தொழிலுக்கு அது அடிப்படை.

2022 நவம்பர் 30-ஆம் நாள் சாட்ஜிபிடி வெளிவந்தது. நான் இரண்டு வாரம் முயன்று எழுதும் பாடத்தை அக்கருவி இரண்டே நிமிடத்தில் எழுதியது. பிழையற்ற நடை! ஒழுங்கான தலைப்புகள்! இறுதியில் வினாக்கள் வேறு! "அப்படியானால் இத்தனை ஆண்டுகள் நான் செய்ததெல்லாம் என்ன?" என்று என் நெஞ்சம் கேட்டது. அக்கருவியையே பயன்படுத்தத் தொடங்கிய பின் துன்பம் இருமடங்காயிற்று. பாராட்டு வந்தால், "இது பொறிக்குரியது" என்று நாணினேன். குறை வந்தால், "இது எனக்குரியது" என்று வருந்தினேன்.

இவ்வுணர்வுக்கு உளநூலார் பெயரிட்டுள்ளனர். 1978-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் இருவர், சிறப்புற்று விளங்கிய 150-க்கும் மேற்பட்ட பெண்களிடம் தாம் கண்டதைக் கட்டுரையாக வெளியிட்டனர். அவர்களுள் பலர், தம் வெற்றியெல்லாம் நற்பேற்றால் வந்தது, பிறர் தம்மை மிகையாக மதித்துவிட்டனர் என்றே எண்ணினர். இதனை 'இம்பாஸ்டர்' உணர்வு என்பர். தன்னையே போலி என ஐயுறுதல் எனலாம். ஆடவர்க்கும் இது உண்டெனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இது நோயன்று, ஆயின் வெற்றியால் தீர்வதுமன்று. ஒவ்வொரு வெற்றியையும், "இம்முறையும் தப்பினேன்" என்றே மனம் கணக்கெழுதிக் கொள்கிறதல்லவா?

இனி, என் கதைக்கு வருகிறேன். சித்தூர்ப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகள் பல உள. அவற்றுள் ஒன்றில், பருவத்துக்கு வரும் புதிய தொழிலாளர்க்குத் தூய்மைப் பாடம் அமைக்கும் பணி எனக்கு வந்தது. பொறியைக் கொண்டு பன்னிரண்டு பக்கம் எழுதி வாங்கினேன், மேலோட்டமாகத் திருத்தினேன். அதனை ஒப்படைத்துவிட்டு, வேலையையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். விலகல் கடிதம் சட்டைப்பையில் இருந்தது.

ஆலையில், பழம் பிரிக்கும் மேசையருகே நின்ற மூத்த பெண்மணி ஒருவருக்குப் பாடத்தைப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டார்: "தம்பி, கெட்ட பழத்தைத் தள்ளணும்னு எழுதியிருக்கே. எதை வெட்டி எடுத்துக்கலாம், எதை மொத்தமாத் தள்ளணும்னு எங்கே எழுதியிருக்கே? புதுசா வர்ற பொண்ணுங்க தடுமாறுறது அங்கேதானே?"

எங்கும் எழுதவில்லை. பொறி அறியவில்லை, நானும் அறியவில்லை. மேகர் கேட்ட மூன்று வினாக்களுள் ஒன்றுக்கும் அப்பன்னிரண்டு பக்கங்களில் விடையில்லை. அன்றே அவரை அருகில் வைத்துக்கொண்டு, மூன்று கூடைகளும் உண்மைப் பழங்களும் கொண்டு பயிற்சியை அமைத்தேன். நல்லது, வெட்டத் தக்கது, தள்ளத் தக்கது என்று புதியவர்கள் கையாலேயே பிரித்தார்கள். தவறினால் அவ்விடத்திலேயே திருத்தப்பட்டார்கள். பன்னிரண்டு பக்கம் ஒரு படத்தாளாகச் சுருங்கிற்று. ஈரக் கையோடு நிற்பவர்க்கு ஏடு எதற்கு?

திருப்பதிக்குத் திரும்பும் பேருந்தில் எண்ணிப் பார்த்தேன். என் ஐயத்தில் பாதி உண்மை. கேளாமல், பாராமல் ஏட்டை ஒப்படைக்க வந்தேனே, அப்போது நான் போலிதான். ஆயின் போய்க் கேட்டு, மாற்றி அமைத்தபோது போலி அல்லேன். ஆகவே, "நான் போலியா?" என்னும் வினாவே தவறானது. "இவ்வேலையில் நான் செய்யத் தவறியது யாது?" என்பதே வினா. முன்னதற்கு விடை கிடையாது, பின்னதற்கு உண்டு. பேருந்து சந்திரகிரியைத் தாண்டுமுன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

இவ்வுண்மைக்கு நம் பக்கத்திலேயே பெருஞ்சான்று ஒன்று உளது. மதனப்பள்ளி அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனருகே ரிஷி பள்ளத்தாக்கின் ஊரகக் கல்வி மையத்தில், பத்மநாப ராவ், ராமா என்னும் இருவர், 1980-களின் பிற்பகுதி தொட்டுச் சிற்றூர்ப் பள்ளிகளுக்குப் பாடம் அமைத்தனர். ஓராசிரியர், பல வகுப்புப் பிள்ளைகள்! அவர்கள் பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பகுத்து, ஏணிபோல் வரிசைப்படுத்தினர். ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் படியேறும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் அம்முறையைத் தழுவின. 2007-இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் செயல்வழிக் கற்றலாக அது பரவிற்று. அட்டையிலுள்ள சொற்களை யாரும் எழுதிவிடலாம். எந்த அட்டைக்குப்பின் எந்த அட்டை என்பதோ, குழந்தைகளைக் கூர்ந்து நோக்கியவர்க்கே தெரியும்.

நண்பர்களே! நான் இன்று கைக்கொள்ளும் நெறிகள் மூன்று. ஒன்று: பொறி எழுதியதில் நான் எதை நீக்கினேன், எதைச் சேர்த்தேன், ஏன் என்பதை நாள்தோறும் குறித்து வைக்கிறேன், ஐயம் எழும்போது அக்குறிப்பு சான்று கூறும். இரண்டு: கற்பவர் ஒருவரையேனும் நேரில் காணாமல் எந்தப் பாடத்தையும் ஒப்படைப்பதில்லை. மூன்று: அச்சத்தை நம்பத்தக்க தோழர்களிடம் வெளிப்படச் சொல்கிறேன். ஒருவர் வாய் திறந்தால், "எனக்கும் அப்படியே" என்று பலர் கூறக் கேட்கலாம். இதற்குக் குழுவாகப் பேசுதலே நன்மருந்து என்று கிளான்சும் ஐம்சும் அன்றே கண்டனர்.

பொறி இன்னும் வளரும். சில வேலைகள் மறையவும் கூடும். அவ்வச்சம் பொய்யன்று, அதற்குக் கற்றலே விடை. ஆனால் தன்னை இகழ்ந்துகொண்டிருப்பவன் கற்க மாட்டான். நாளைத் தேர்வறையிலோ, முதல் வேலையிலோ, "நான் இங்கு இருக்கத் தக்கவன்தானா?" என்று உங்கள் உள்ளம் கேட்குமாயின், அதனோடு வாதாடாதீர்கள். எழுந்து சென்று, அறிந்தவர் ஒருவரிடம் ஒரு வினாக் கேளுங்கள்.