வலையமைப்பில் தாமதத்தைக் குறைத்தல்

கையடக்கத் தொலைபேசியிலிருந்து தரவுப் பொதி சேவையகத்தை அடைந்து, பதில் திரும்பி வரும் வரையான நேரத்தை இங்கு தாமதம் என்போம்.

உதாரணம்: ஒளியியல் நாரில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கி.மீ. செல்லும். சேவையகம் 3,000 கி.மீ. தொலைவில் இருப்பின், போய்வரவே 30 மில்லிசெக்கன் தேவை. அதற்குள் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் 60 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும்.

குறைக்கும் வழிகள்:
1. விளிம்புக் கணிமை – சேவையகத்தைத் தொலைபேசிக் கோபுரத்திற்கு அருகில் அமைத்தல். தூரம் 30 கி.மீ. எனின், பயண நேரம் 0.3 மில்லிசெக்கனே.
2. மாற்றுவழிப்படுத்தல் – நெரிசலான இணைப்பில் பொதிகள் வரிசையில் காத்திருக்கும். வழிப்படுத்தி அவற்றை வேறு பாதையில் அனுப்பும். பாதை நீண்டாலும் மொத்த நேரம் குறையலாம்.

கவனிக்க: முதலாவது தூரத்தையும், இரண்டாவது காத்திருப்பையும் குறைக்கின்றது. விடையில் மாற்றி எழுதாதீர்கள்.