நல்லவளும் இல்லை, கெட்டவளும் இல்லை

கேள்வி: பிள்ளைகள் தூங்கிய பிறகு ஜப்பானிய டிராமா பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நெட்ஃப்ளிக்ஸில் 'ஃபர்ஸ்ட் லவ்' பார்த்து முடித்ததும் கொஞ்ச நாளுக்கு வேறெதுவும் பார்க்கப் பிடிக்கவில்லை. கூட உட்கார்ந்து பார்த்த என் நாத்தனார், "என்ன இருக்கு இதுல? எப்பப் பார்த்தாலும் சும்மா பார்த்துக்கிட்டே நிக்கிறாங்க. அவனும் ஒண்ணும் யோக்கியன் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. நிச்சயமான பெண்ணைக் கைவிட்டுவிட்டுப் பழைய காதலியைத் தேடிப் போகிறான் கதாநாயகன். ஆனாலும் எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. ஏன்? தமிழில் இதுபோல ஏதாவது உண்டா?
– வாசகி, கோட்டக்குப்பம்

பதில்: உங்கள் நாத்தனார் கதையைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறார். நாயகன் ஹருமிச்சி செய்வது துரோகம்தான், அதை அந்த டிராமா மறைக்கவே இல்லை. அவனுக்கு நிச்சயமான ட்சுனேமியை நினைத்துப் பாருங்கள். நம் சீரியலாக இருந்தால் அடுத்த வாரமே அவளை வில்லியாக்கி, பூஜை அறையில் நின்று சதி பேசவைத்து, அவனுடைய பாரத்தை இறக்கி வைத்திருப்பார்கள். இங்கே அவள் கடைசிவரை நல்லவளாகவே இருக்கிறாள். அதனால் அவன் செய்த தப்பும் தப்பாகவே நிற்கிறது. அதைத் தெரிந்துகொண்டேதான் நீங்கள் அவனைப் பார்க்கிறீர்கள். அவனுக்காக வாதாடவும் யாரும் இல்லை, அவனைத் தூற்றவும் யாரும் இல்லை. முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறார்கள். அந்த மரியாதைதான் உங்களைப் பிடித்து உட்காரவைக்கிறது என்று நினைக்கிறேன்.

இதற்கு வடிவமும் ஒரு காரணம். ஜப்பானியத் தொலைக்காட்சியில் இரவு நேர டிராமா பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒன்று. வாரம் ஒரு எபிசோட், பத்து பதினொன்றில் கதை முடிந்துவிடும். 2022-இல் வந்த 'ஃபர்ஸ்ட் லவ்' ஒன்பதே எபிசோட். எங்கே முடியப்போகிறது என்று தெரிந்து எழுதுகிறவர்களுக்கு அவசரமில்லை. நம் 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை ஓடியது. 'கோலங்கள்' 1,500 எபிசோடைத் தாண்டியது. அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டே காதால் மட்டும் கேட்கிறவர்களுக்கும் கதை புரிய வேண்டும். ஆகவே மனதில் இருப்பதையெல்லாம் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. தினத்தொடரின் தேவை அது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பார்வைக்கும் மௌனத்துக்கும் அங்கே இடம் இல்லாமல் போய்விடுகிறது.

குறையுள்ள மனிதர்களை எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க, யூஜி சகமோத்தோ எழுதிய 'குவார்ட்டெட்' (2017) பாருங்கள். 1991-இல், இருபத்து மூன்று வயதில், 'டோக்கியோ லவ் ஸ்டோரி' எழுதி நாட்டையே டிவி முன்னால் உட்காரவைத்தவர் அவர். 'மான்ஸ்டர்' படத்துக்காக 2023-இல் கான் விழாவில் சிறந்த திரைக்கதை விருதும் வாங்கினார். 'குவார்ட்டெட்'டில் நான்கு இசைக் கலைஞர்கள் மலையூர் ஒன்றில் ஒரே வீட்டில் தங்குகிறார்கள். ஆளுக்கொரு பொய் வைத்திருக்கிறார்கள். முதல் எபிசோடில் பொரித்த கோழி மேசைக்கு வருகிறது. யாரையும் கேட்காமல் எல்லாத் துண்டுகளின் மேலும் எலுமிச்சை பிழியப்பட்டுவிடுகிறது. ஒருவர் அதற்குச் சண்டை பிடிக்கிறார். அற்பச் சண்டை என்று நாம் சிரிக்கிறோம். பிறகுதான் நால்வரில் ஒருத்தியான மாக்கி தன் கதையைச் சொல்கிறாள். அவளும் கணவனுக்கு அன்போடு எலுமிச்சை பிழிந்துகொண்டேதான் இருந்திருக்கிறாள். ஒருநாள் ஓர் உணவு விடுதியில், மனைவி அங்கே இருப்பது தெரியாமல், எலுமிச்சை தனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று அவன் உடனிருந்தவரிடம் சொல்வது அவள் காதில் விழுகிறது. மனைவி மேல் அன்பு உண்டு, ஆனால் பிடிக்கவில்லை என்றும் சொல்கிறான். பிறகு ஒருநாள் காணாமல் போய்விடுகிறான். யார் கெட்டவர் இதில்? கேட்காமல் பிழிந்தவளா, பிடிக்காததைச் சொல்லாமலே தின்றவனா? ஒரு கல்யாணம் உள்ளுக்குள் எப்படி உளுத்துப்போனது என்பதை அடிதடி இல்லாமல் ஒரு எலுமிச்சைத் துண்டில் காட்டிவிடுகிறார் சகமோத்தோ. இந்த இடத்தை நான் எத்தனை முறை பார்த்தாலும் வயிறு கலங்கும்.

தமிழில் இல்லையா என்று கேட்கிறீர்கள். சீரியலில் தேடாதீர்கள், 1980-ஐ ஒட்டிய சினிமாவுக்குப் போங்கள். மகேந்திரனின் 'ஜானி' (1980) அப்படிப்பட்டது. அர்ச்சனா தன் காதலைத் தானே சொல்கிறாள். ஏமாற்றிப் பிழைக்கும் ஜானி, தனக்குத் தகுதியில்லை என்று தயங்குகிறான். மேடையில் பாடுகிறவள் என்பதால்தான் மறுக்கிறானோ என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் தங்களைத்தான் தாழ்வாக நினைக்கிறார்கள். அர்ச்சனாவாக வரும் ஸ்ரீதேவி அங்கே குரலை உயர்த்துவதே இல்லை. அதே படத்தில் கஞ்சத்தனமும் தனிமையுமாக இருக்கும் முடிதிருத்துபவர் வித்யாசாகர் கொலையே செய்கிறார். அவரையும் நாம் வெறுப்பதில்லை.

அதைவிடக் கறாரானது ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978). திரைக்கதையில் எழுத்தாளர் வண்ணநிலவனுக்கும் பங்கு உண்டு. ஸ்ரீப்ரியாவின் மஞ்சு சட்டென்று கோபப்படுவாள், அன்பாக வருகிறவரையும் குத்திப் பேசுவாள். பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருண் கண்ணியமானவன்தான். ஆனால் கடைசியில் வேறு பெண்ணை மணந்துகொண்டு வந்து நிற்கிறான். மஞ்சுவைத் திருத்தவோ தண்டிக்கவோ படம் முயலவில்லை. அன்று தியேட்டரில் அது ஓடவில்லை. அண்மையில் என்றால் '96' (2018). நாயகன் ராமின் ஒதுங்கிப்போகும் குணம் இரண்டு பேர் வாழ்க்கையையும் மாற்றிவிட்டது என்பது அவன் பள்ளிக்காலக் காதலி ஜானுவுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

கடல் கடந்து போய் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த ஊர் உங்களுடையது. போனில் "சாப்டியா?" என்ற கேள்விக்குள் எவ்வளவை அடக்கி அனுப்புகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாத அன்பைப் படித்தறியும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. இந்த டிராமாக்கள் அன்னியமாகத் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். பேசாத ஆணையும் காத்திருக்கும் பெண்ணையும் அழகாக்கிக் காட்டும் ஜப்பானிய டிராமாக்களும் ஏராளம். திரையில் அந்த மௌனத்தின் உள்ளே என்ன இருக்கிறதென்று கேமரா நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. வீட்டில் ஒருவர் பேசாமலே இருந்தால் அதை ஆழம் என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டு போகாதீர்கள், கேட்டுவிடுங்கள். மாக்கியின் கதை அதைத்தானே சொல்கிறது?

அடுத்து 'குவார்ட்டெட்' பாருங்கள். நாத்தனாரோடு உட்கார்ந்து பார்க்க 'ஜானி'தான் சரி. அர்ச்சனா பேசும் அந்தக் காட்சிவரை மட்டும் அவரை எழுந்து போகவிடாதீர்கள். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.