லேபிளை மட்டும் நம்பலாமா?
பழைய இராணுவ உடைகளைச் சோதிக்கும் முறை



பழைய அமெரிக்க இராணுவ உடைகளை, அதிலும் இலைதழை போல் பச்சையும் பழுப்பும் கலந்த உருமறைப்புச் சட்டைகளை, விரும்பிச் சேகரிப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். வியட்நாம் போர்க் காலத்துச் சட்டை என்றால் விலை பல மடங்கு. விலை ஏறும் இடத்தில் போலியும் சேரும். மிளகில் பப்பாளி விதை சேர்வது போலத்தான். துணி வியாபாரிகள் மட்டுமல்ல, மளிகைக் கடை அன்பர்களும் இதைப் படிக்கலாம். சரக்கு வேறானாலும் சோதிக்கும் முறை ஒன்றே. ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல், எல்லா அடையாளங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

1. வடிவமும் வருடமும்

அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று 1948-ல் ஓர் இலை வடிவத்தை உருவாக்கியது. அந்த ஆய்வுக்கூடத்தின் பெயரைச் சுருக்கி, அதை ஈ.ஆர்.டி.எல். என்பார்கள். 1960-களின் பிற்பகுதியில்தான் அது வியட்நாமில் படையினர் உடம்பில் ஏறியது. அதே வடிவத்தைப் பெரிதாக்கி, 1981-ல் ‘உட்லேண்ட்’ சீருடை வந்தது. தூரத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். அருகருகே வைத்தால் உட்லேண்டின் திட்டுகள் பெரியவை என்பது விளங்கும். வியட்நாம் போர் முடிந்தது 1975-ல். ஆகவே உட்லேண்ட் சட்டையைக் காட்டி ‘வியட்நாம் சரக்கு’ என்று ஒருவர் சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

2. லேபிளில் உள்ள எண்கள்

இராணுவ ஒப்பந்தத்தில் தைத்த உடையின் உள்பக்க லேபிளில் ஒப்பந்த எண் இருக்கும். ‘டி.எஸ்.ஏ. 100-69-சி’ என்று தொடங்கினால், நடுவில் உள்ள 69 என்பது 1969-ஆம் நிதியாண்டு. டி.எஸ்.ஏ. என்ற அந்தக் கொள்முதல் நிறுவனம் 1977-ல் டி.எல்.ஏ. என்று பெயர் மாறியது. டி.எல்.ஏ. என்ற எழுத்தும் 69 என்ற வருடமும் ஒரே லேபிளில் சேர்ந்து வர வழியில்லை. இன்னொன்று, சரக்கு இருப்பு எண். 1974 வரை அது 11 இலக்கம். அதற்குப் பின் 13 இலக்கம். 1969 லேபிளில் 13 இலக்கம் இருந்தால் அது பின்னாளில் அச்சடித்தது.

3. லேபிளுக்கு அடியில்

எண்கள் சரியாக இருந்தாலும், கிழிந்த சட்டையின் லேபிளைப் பிரித்து வேறு சட்டையில் தைப்பவர்கள் உண்டு. லேபிளின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஆரம்பத்திலிருந்தே இருந்த லேபிள் என்றால், அடியில் உள்ள துணி வெளுக்காமல் இருக்கும். சுற்றியுள்ள துணியைப் போலவே அடியிலும் வெளுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய ஊசித் துளைகள் தனி வரிசையாகத் தெரிந்தாலும் அப்படியே.

4. நெருப்பும் விளக்கும்

தையல் நூலை விட்டுவிட்டு, உள்மடிப்புத் துணியிலிருந்து ஓர் இழை உருவிக் கொளுத்துங்கள். முழுப் பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். நைலான், பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியாகும். முதல் உட்லேண்ட் சீருடை பருத்தியும் நைலானும் சரிபாதி கலந்தது. ஆகவே அதில் உருகுவது குற்றமில்லை. லேபிள் ‘முழுப் பருத்தி’ என்று சொல்ல, இழை உருகினால்தான் பொய்.

கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கில் பிடித்து, ‘நூல் ஒளிர்கிறது, ஆகவே புதுசு’ என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அது அரைகுறைச் சோதனை. இன்றைய சலவைத்தூளில் துவைத்தால் பழைய துணியும் ஒளிரும்.

லேபிள் இல்லை என்பதாலேயே சரக்கு போலி ஆகிவிடாது. பல சலவையில் எழுத்து அழிவதும் லேபிள் உதிர்வதும் இயல்பு. ஆனால் நிரூபிக்க முடியாத பழமைக்கு விலை கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. இராணுவ வடிவத்தில் புதிதாகத் தைத்து, புதியது என்றே சொல்லி விற்பதில் தவறில்லை. பழையது என்று சொல்லி விற்பதுதான் மோசடி. கொள்முதல் பில்லில் வருடத்தையும் ‘அசல்’ என்ற சொல்லையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குபவரிடம் உங்கள் முதலைக் கொடுக்காதீர்கள். உங்களுக்கே உறுதியில்லாததை உங்கள் பில்லிலும் எழுதாதீர்கள். சரக்கு ஒரு நாளில் விற்றுப்போகும். பில்லில் எழுதிய சொல் வாடிக்கையாளர் கையில் இருக்கும்.