கதம்பைக்குள் ஒரு கூட்டுக் குடும்பம்

மணக்குடி போன்ற உப்பங்கழிகளில் அமிழ்த்திய கதம்பை, ஆறு முதல் பத்து மாதங்களில் நைந்து நார் பிரிவதை நாம் அறிவோம். இது வெறும் தண்ணீரின் வேலையன்று. பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் வழவழப்பான பசையைச் சுரந்து, கதம்பையில் ஒட்டிக் குடியேறுகின்றன. வெளிப்புறத்தில் வாழ்பவை பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. அதனாலேயே அவ்வாயு ஆகாத இனங்கள் உள்ளே பிழைக்கின்றன. நாரைப் பிணைத்திருக்கும் பெக்டினைக் கரைப்பவை சில. உப்புநீரின் கந்தகச் சத்திலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தை எழுப்புபவை வேறு சில. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு.

கயிறு திரிக்கும் வீட்டிற்கு இது வருவாய்; வலை வீசும் வீட்டிற்கோ இழப்பு. நீரில் பிராணவாயு குறைய, மீன்குஞ்சுகள் மடிகின்றன. கதம்பை அடிக்கும் பெண்கள் அந்நாற்றத்திலேயே உழைக்க வேண்டியுள்ளது (நம்மில் எத்தனை பேர் ஒரு நாழிகை நிற்போம்?). இயந்திரத்தால் பிரித்த பச்சை நாரை, பல நுண்ணுயிர் இனங்கள் சேர்ந்த கலவையிட்டுச் சில நாட்களிலேயே தொட்டியில் பதப்படுத்தும் முறையைக் கேரளத்தின் கலவூரிலுள்ள மத்தியக் கயிறு ஆராய்ச்சி நிலையம் வகுத்துள்ளது.