அமைதி நாளிலும் அசையும் காந்த ஊசி

காந்த ஊசி என்றும் ஒரே திசையைக் காட்டி அசையாது நிற்கும் என்பது பொதுவான எண்ணம். நுண்கருவி கொண்டு நோக்கினால், அது நாள்தோறும் சிறிதே விலகி மீள்வதைக் காணலாம். 1722ஆம் ஆண்டில் இலண்டன் நகரக் கடிகார வினைஞர் ஜார்ஜ் கிரகாம் இதனைக் கண்டறிந்தார். சூரியனில் குமுறல் இல்லாத அமைதி நாள்களிலும் இவ்வசைவு தவறுவதில்லை. இதன் காரணத்தையும் பயனையும் ஈண்டுக் காண்போம்.

காரணம்

புவிக்காந்தப் புலத்தின் பெரும்பகுதி புவியின் உள்ளே உருகிய இரும்பின் ஓட்டத்தால் தோன்றுவது. அது ஒரே நாளில் மாறி மீள்வதன்று. எனவே, காரணம் மேல்வளியில் ஓடும் மின்னோட்டமே எனப் பால்ஃபர் ஸ்டூவர்ட் 1882ஆம் ஆண்டில் கருதினார். பின்வந்த ஆய்வுகள் அதனை மெய்ப்பித்தன.

சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில் காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கின்றன. அங்கே மின்கடத்தும் அயனி மண்டலம் உண்டாகிறது. சூரிய வெப்பத்தால் எழும் காற்றோட்டம் அம்மண்டலத்தைக் காந்தப் புலத்தின் ஊடே நகர்த்துகிறது. காந்தப் புலத்தில் கடத்தி நகர்ந்தால் மின்னோட்டம் பிறக்கும் என்பது நாம் வகுப்பறையில் கற்ற ஃபாரடே விதியே. இவ்வாறு பகற்பக்கத்தில், வடகோளத்தில் ஒன்றும் தென்கோளத்தில் ஒன்றுமாக இரு மின்சுழல்கள் தோன்றி ஊசியை அசைக்கின்றன. இரவில் அயனிகள் குறைய, அசைவும் அடங்குகிறது.

நம் அண்மையில்

முழுப்புலம் பல்லாயிரம் நானோடெஸ்லா. நாள்மாற்றமோ பெரும்பாலான இடங்களில் சில பத்து நானோடெஸ்லாவே. காந்த நடுவரையில் மட்டும், புலம் கிடைமட்டமாக அமைவதால், மின்னோட்டம் ஒடுங்கிய தாரையாகக் கிழக்கு நோக்கிப் பாய்ந்து நண்பகல் மாற்றத்தைப் பெருக்குகிறது. அவ்வரை இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. ஏவூர்தித் தளத்திற்குத் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம் இதுவே. திருநெல்வேலியிலும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் உள்ளது.

பயன்

1989 மார்ச் 13 அன்று வீசிய காந்தப்புயலால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் மணிக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தனர். அத்தகைய புயலின் வலிமையை அறிய, பதிவிலிருந்து அமைதி நாளின் மாற்றத்தைக் கழித்தாக வேண்டும். வானூர்தியிலிருந்து காந்த அளவீட்டால் கனிமம் தேடுவோரும் அவ்வாறே கழிக்கின்றனர். அமைதியின் அளவை அறியாதார் புயலின் அளவை அறிதல் இயலாது. ஆதலின், ஒன்றும் நிகழாத நாள் என்று எந்நாளின் பதிவையும் ஒதுக்கலாகாது என்பதை ஆய்வுத்துறை புகும் மாணவர் உளங்கொள்வாராக.