இரவில் தெரியும் ருசி

அன்பு மகளுக்கு,

தினமும் இரவில் ஆன்ம சோதனை எதற்கு, ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகும்போது பாவங்களை நினைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்டிருந்தாய். பாவக் கணக்கு எடுப்பது மட்டுமே அதன் வேலை என்றால் நீ கேட்பது சரிதான். ஆனால் அதற்கு வேறொரு வேலை உண்டு. ஒரு காரியம் நம்மைக் கடவுளிடம் கொண்டுபோகிறதா, விலக்குகிறதா என்பது அதைச் செய்யும்போது பெரும்பாலும் தெரிவதில்லை. அது ஓய்ந்தபின் மனத்தில் என்ன தங்குகிறது என்பதை வைத்தே தெரிகிறது.

புனித லொயோலா இஞ்ஞாசியாரின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1521-இல் பம்பலோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, சொந்த வீட்டில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். படிக்க அவர் கேட்டது வீரசாகசக் கதைகள். கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுகளும். ஒரு சீமாட்டிக்காகத் தான் செய்யப்போகும் சாகசங்களை எண்ணி மணிக்கணக்கில் மகிழ்ந்தார். புனிதர்களான பிரான்சிஸைப் போல, தோமினிக்கைப் போல வாழ்ந்தால் என்ன என்று எண்ணியும் மகிழ்ந்தார். எண்ணும்போது இரண்டும் இனித்தன. முதலாவது ஓய்ந்ததும் மனம் வறண்டது. இரண்டாவது ஓய்ந்த பிறகும் மகிழ்ச்சி நிலைத்தது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததுதான் அவருடைய முதல் பாடம். உன் நாளும் அப்படித்தான். உடன் வேலை செய்பவளைக் குத்தலாகப் பேசி நாலு பேரைச் சிரிக்கவைத்தபோது இனித்திருக்கும். இரவில் அதை எடுத்துப் பார், கசக்கும். மனமில்லாமல் ஒருவருக்குச் செய்த உதவி அப்போது எரிச்சலாக இருந்திருக்கும். இரவில் அதுவே நிறைவாக நிற்கும். ஒப்புரவு நாள்வரை தள்ளிப்போட்டால் செயல் நினைவிருக்கும், ருசி மறந்துபோகும்.

தினமும் இப்படித் தோண்டினால் குற்றவுணர்ச்சிதானே வளரும் என்பாய். அந்த ஆபத்தை இஞ்ஞாசியாரே அனுபவித்தார். பிறகு மன்ரேசா என்ற ஊரில் இருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களே அவரைத் திரும்பத் திரும்ப வாட்டின. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்தது. அந்த உறுத்தல் எந்த வழியாக வந்தது, எங்கே கொண்டுவிட்டது என்று பார்த்தபோதுதான் அது கடவுளிடமிருந்து வரவில்லை என்று தெளிந்தார். பழைய பாவங்களை மறுபடி அறிக்கையிடுவதில்லை என்று முடிவுசெய்தார். ஆகவே, உறுத்தலையும் அதே சோதனைக்கு உட்படுத்து. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த அவருடைய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் ஆன்ம சோதனைக்கு ஐந்து படிகள் உண்டு: பெற்றவற்றுக்கு நன்றி, பாவத்தை அறிய அருள் வேண்டுதல், நாளை மணிவாரியாகப் பார்த்தல், மன்னிப்பு, திருந்தும் தீர்மானம். நன்றி முதலில் வருவதைக் கவனி. கடன் வசூலிப்பவனிடம் கணக்கு ஒப்பிக்கிறவளாக அல்ல, கொடுத்தவரின் முன் நிற்பவளாக நீ தொடங்குகிறாய்.

அப்படியானால் நாட்குறிப்பு எழுதினால் போதுமே என்றும் கேட்கலாம். நாட்குறிப்பில் பேசுகிறவளும் கேட்கிறவளும் நீயே. உன் பக்க நியாயத்தை அழகாக எழுதிவிடுவாய். இரண்டாம் படி அதைத்தான் உடைக்கிறது. உன்னை நீ பார்க்குமுன், பார்க்கும் கண்ணைக் கடவுளிடம் கேட்கிறாய்.

நேரமில்லை என்று மட்டும் சொல்லாதே. குறிப்பிட்ட ஒரு குறையைத் திருத்த இஞ்ஞாசியார் சொன்ன வழி எவ்வளவு எளிது, பார்: தவறும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்து வருந்த வேண்டும், கூட்டத்தில் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. பிறகு அந்தந்த நாளுக்கென வரைந்த கோட்டின்மேல் தவறுக்கொரு புள்ளி வைக்க வேண்டும். இன்றையதை நேற்றையதோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். வாரக்கடைசிக் கோடுகள் சிறிதாக இருக்கும். தவறு குறையும் என்ற நம்பிக்கை அதில் தெரிகிறது. இன்றிரவு கைபேசியை அணைத்தபின் பத்து நிமிடம் ஒதுக்கு. எது இனித்தது என்று கேளாதே. எது இன்னும் இனிக்கிறது என்று கேள்.

உன் பெரியப்பா