தோல் நோயோடு வரும் மூட்டுவாதம்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. பல வருடமாகத் தலையிலும் முழங்கையிலும் சொரியாசிஸ். இப்போது ஒரு விரல் முழுதாக வீங்கி, காலையில் கை மடங்குவதே இல்லை. ருமட்டொயிட் ஃபெக்டர் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அப்படியென்றால் வாதம் இல்லைத்தானே?
– ஒரு வாசகி, களுபோவில

பதில்: அப்படி முடிவு கட்ட வேண்டாம். சொரியாசிஸோடு வரும் மூட்டுவாதத்தில் அந்தப் பரிசோதனை பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் வரும். ரிப்போர்ட்டை வைத்துவிட்டு அவருடைய நகங்களைப் பாருங்கள். ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள் உண்டா? நகம் சதையை விட்டுக் கிளம்புகிறதா? குதிக்கால் வலி, அரை மணிக்கு மேல் நீடிக்கும் காலை விறைப்பு இருந்தால் அவற்றையும் டொக்டரிடம் சொல்லுங்கள். நோயெதிர்ப்புச் சக்தி சொந்தத் தோலையும் மூட்டையுமே தாக்குவதால் வருவது இது, தொற்றாது.

ஆனால் தாமதித்தால் எலும்பு அரிக்கும், அரித்தது மீளாது. கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. தோல் டொக்டரிடம் சொல்லி, வாதநோய் நிபுணர் ஒருவரிடம் காட்டக் கடிதம் கேளுங்கள்.

இந்த வாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட் எழுதித் தந்தால் ஒன்றை மறக்கவே கூடாது: அது வாரத்தில் ஒரே நாள் போடும் மருந்து. தினமும் விழுங்கி உயிரே போனவர்கள் உண்டு. அதோடு குடி ஆகாது, இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. யாரோ சொன்னார் என்று பார்மசியில் ஸ்டீரொய்ட் குளிசை வாங்கிப் போட்டுச் சட்டென நிறுத்தினால் தோல் நோய் மோசமாகக் கிளம்பும்.

கிளினிக்குக்கு நீங்களும் கூடவே போங்கள். ஆண்கள் வலியில் பாதியைத்தான் சொல்வார்கள்.